ஷிபானாவுக்கு வந்த பின்னூட்டம்

சுல்தான்பேட்டை,
ஜனவரி 8, 2025

அன்புள்ள சரண்யாவுக்கு,

நலம். உன் வீட்டிலும் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். நேற்றோடு கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பிரசவத்துக்கு டாக்டர் இன்னும் பத்து நாள் என்கிறார். போனில் பேசினால் நீ "சரிடி, சரிடி" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் இந்த மெயில். நீயும் இப்படியே எழுது.

சென்னை வேலையை விட்டு நீ கரியமாணிக்கத்துக்கு வந்து உட்கார்ந்தபோதே உன்னை எங்கள் கல்லூரிக்குள் இழுத்துவிட வேண்டுமென்று நினைத்தேன். கூடப் படித்த காலத்திலிருந்து உன்னைத் தெரியும் எனக்கு. துறைத்தலைவரிடம், "ஆறு மாசத்துக்கு என் வகுப்பை எடுக்க இவளை விட்டா ஆள் கிடைக்காது சார்" என்றே சொன்னேன்.

இரண்டாம் ஆண்டு டிசைன் தியரி நானே உருவாக்கிய பாடம். இருபத்துநான்கு பேர், ஆறு குழு. வெள்ளிதோறும் ஒரு குழு ஸ்லைடு போட்டுப் பேச வேண்டும். ஞாயிறுக்குள் ஒவ்வொருவரும் தன் பிளாக்கில் எழுத வேண்டும்: என்ன செய்தேன், எதில் தடுமாறினேன், என் எண்ணம் எங்கே மாறியது. பெயர் போடாமலும் பின்னூட்டம் எழுதலாம். பயமில்லாமல் பேசட்டும் என்று நான்தான் அப்படி வைத்தேன்.

ஷிபானா என்று ஒரு பெண். பேச எழுந்தால் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். அவளைப் பேசச் சொல்லாதே, ஸ்லைடு செய்யும் வேலையை மட்டும் கொடு. நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன்.

பிளாக்குகளை இங்கிருந்தே படித்துக்கொண்டிருப்பேன்.

உன்
மெஹர் நிஷா

*

கரியமாணிக்கம்,
பிப்ரவரி 9, 2025

என் மெஹருக்கு,

பாப்பா போட்டோவை அம்மா வாங்கி வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறார். ஃபைஜா, அழகான பேர். மூக்கு மட்டும் உன் வீட்டுக்காரர் மூக்குடி, பாவம்.

வகுப்பைப் பற்றி எழுதவே இல்லை என்று கோபித்துக்கொள்ளாதே. முதல் இரண்டு வெள்ளியும் நீ சொன்னபடிதான் நடத்தினேன். பிள்ளைகள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையில் இருப்பதை வாசித்தார்கள். யார் முகத்திலும் உயிர் இல்லை. மூன்றாவது வாரம், ஸ்லைடு வேண்டாம், வீட்டில் யாராவது மாற்றி அமைத்த ஒரு பொருளைக் கொண்டுவந்து வையுங்கள் என்றேன்.

உறுவையாற்றிலிருந்து வரும் அரிகரனின் குழு, அவன் வீட்டுக் கழனி மோட்டார் கொட்டகையிலிருந்து பழைய ஸ்டார்ட்டர் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டது. அதன் பச்சைப் பொத்தான் மேல் ஒரு சட்டை பட்டன் ஒட்டியிருந்தது. அவன் அம்மாவுக்குக் கண்புரை. "பச்ச இன்னா, செவப்பு இன்னா, எனக்கு எல்லாம் ஒண்ணுதான். தடவிப் பார்த்தா தெரியுதுல்ல" என்றாராம். அந்த ஒரு பட்டனை வைத்தே, ஒரு பொருள் கையோடு எப்படிப் பேசுகிறது என்று பன்னிரண்டு நிமிடம் பேசினார்கள்.

பேசியது யார் தெரியுமா? உன் ஷிபானா. நான் சொல்லவில்லை, அவளே கேட்டாள். அந்தக் குழுவில் வழக்கமாகப் பேசும் மாலிக் முறைத்துக்கொண்டே இடம் விட்டான். பேசி முடிக்கும் வரை பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டாள். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் மஞ்சுளா பின்பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

நீ இருந்திருக்க வேண்டும்டி.

சரண்யா

*

சுல்தான்பேட்டை,
பிப்ரவரி 16, 2025

அன்புள்ள சரண்யா,

உன் கடிதம் பார்த்தேன். பிளாக்குகளும் படித்தேன். ஃபைஜாவை ஒரு கையில் ஏந்திக்கொண்டு பால் கொடுக்கும்போது மறுகையில் போன். இப்போது என் உலகம் அவ்வளவுதான். அம்மா போனைப் பிடுங்கி வைக்கிறார், நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நீ வகுப்பை மாற்றியதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தத் திட்டத்துக்கு நான் மூன்று வருஷம் உழைத்தேன். பட்டன், பெட்டி என்று கதை சொல்லிவிட்டால் தியரி ஆகிவிடுமா? பரீட்சையில் கதையா கேட்பார்கள்?

ஷிபானா எழுதியதை நீயும் படித்திருப்பாய். "மெஹர் மேடம் வகுப்பில் நான் ஸ்லைடுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். உன்னால் பேச முடியும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை." ஒரு செமஸ்டர் முழுக்க அந்தப் பெண்ணைக் கூச்சப்படாமல் காப்பாற்றியவள் நான். நான் அவளை ஒளித்து வைத்தேனாம். அதன் கீழே பதினான்கு பேர் "சரண்யா மேடம் சூப்பர்" என்று எழுதியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு.

எனக்குப் பொறாமை என்று நினைக்காதே. தூக்கம் இல்லை, உடம்பு அசதி, அவ்வளவுதான். அடுத்த வெள்ளியிலிருந்து ஸ்லைடுக்கே திரும்பிவிடு. நான் வரும்போது வகுப்பு விட்ட இடத்தில் இருக்க வேண்டும்.

மெஹர் நிஷா

*

கரியமாணிக்கம்,
மார்ச் 2, 2025

மெஹருக்கு,

உன்னைக் கேட்காமல் மாற்றியது தப்புதான். மன்னித்துக்கொள். அதைப் பற்றி நேரில் பேசலாம். இப்போது வேறு ஒரு சிக்கல், பிள்ளைகளை என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

போன வாரம் ஷிபானா பிளாக்கில் பெயரில்லாமல் ஒரு பின்னூட்டம் வந்தது. "இது உன் சிந்தனை இல்லை. டீச்சர் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தாய். கை தட்டினார்கள் என்பதற்காக உனக்குப் பேச வந்துவிட்டது என்று நம்பாதே." அன்றைக்கே அவள் பிளாக் முழுவதையும் அழித்துவிட்டாள். மூன்று நாளாகக் கல்லூரிக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பில் அவள் குழுவில் மூன்று பேர்தான் இருந்தார்கள்.

வகுப்பு மொத்தமும் மாலிக்கைத்தான் சொல்கிறது. அவன் பேசும் இடத்தை அவள் எடுத்துக்கொண்டாள் என்ற கடுப்பு அவனுக்கு இருந்தது உண்மை. கேன்டீனில் அரிகரன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். மாலிக் என்னிடம் வந்து, "நான் எழுதல மேடம். எங்க அத்தா பேர்ல சத்தியம். அவ பேசினது எனக்குக் கடுப்பாத்தான் இருந்துச்சு. ஆனா அவ நல்லா பேசினா" என்றான். நான் நம்புகிறேன். தலைவர் நம்பவில்லை. அவனைக் குழுவிலிருந்து நீக்கி, இந்த செமஸ்டர் அகமதிப்பெண் பூஜ்யம் என்று திங்களன்று எழுதிவிடுவாராம்.

யாராக இருக்கும்டி? உனக்கு ஏதாவது தோன்றினால் உடனே சொல்.

சரண்யா

*

சுல்தான்பேட்டை,
மார்ச் 2, 2025

சரண்யா,

நான்தான்.

உன் மெயில் வந்து இரண்டு மணி நேரமாகிறது. "பிள்ளைகள் விமர்சனத்தைத் தாங்கப் பழக வேண்டும்" என்று ஒரு பதில் எழுதி வைத்தேன். அழித்துவிட்டேன்.

அந்தப் பதினான்கு பேரையும் நான் தினம் படித்தேன். புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று ஒரு மணிக்கு ஒருமுறை பார்த்தேன். யாராவது ஒருத்தர், "மெஹர் மேடம் எப்ப வருவாங்க" என்று எழுதியிருப்பார்களா என்று தேடினேன். ஒருவரும் எழுதவில்லை. அந்தப் பின்னூட்டத்தை எழுதிய அன்று ஃபைஜா அழுதுகொண்டே இருந்தாள், என்ன செய்தும் அடங்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் பிள்ளையைப் பிடிக்கத் தெரியவில்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வேலையையும் நீ என்னைவிட நன்றாகச் செய்கிறாய் என்று தோன்றியது. உன்னைக் குத்தத்தான் எழுதினேன். குத்தியது அவளை.

நீ அங்கே என் இடத்தைப் பிடிக்கத்தான் வந்தாயா என்று பலமுறை கேட்க நினைத்தேன். கூப்பிட்டது நானேதான் என்பது அப்போதெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை.

தலைவருக்கும் எழுதிவிட்டேன், உனக்கு நகல் வரும். மாலிக்குக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். ஷிபானாவுக்கு எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். அவளுக்குக் காட்டுவதா வேண்டாமா என்று நீ முடிவு செய். நோன்பு முதல் நாள் இன்று. பால் கொடுப்பதால் எனக்கு விலக்கு. ஆனாலும் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

என்னைத் திட்டி எழுது. சும்மா மட்டும் இருந்துவிடாதே.

மெஹர்

*

கரியமாணிக்கம்,
மார்ச் 16, 2025

மெஹர் நிஷாவுக்கு,

மாலிக்கைக் கூப்பிட்டுத் தலைவரே வருத்தம் சொன்னார். அரிகரனும் அவனும் இப்போது ஒரே வண்டியில் வருகிறார்கள்.

உன் கடிதத்தை ஷிபானாவிடம் கொடுத்தேன். வில்லியனூரில் அவள் அப்பா கடையில், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து இரண்டு முறை படித்தாள். "மேடமா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் கல்லூரிக்கு வந்தாள். நேற்றிலிருந்து புதிய பிளாக் ஒன்றில் எழுதுகிறாள். படிக்கக்கூடியவர்கள் பட்டியலிலிருந்து உன்னை எடுத்துவிடச் சொன்னாள். "மேடம் மேல கோபம் இல்ல. அவங்க படிக்கிறாங்கன்னு தெரிஞ்சா எனக்கு எழுத வராது" என்றாள். எடுத்துவிட்டேன்.

நீ கேட்க நினைத்ததற்குப் பதில்: நான் உன் இடத்துக்கு வரவில்லை. அடுத்த வருஷமும் இருக்கச் சொல்லித் தலைவர் பிப்ரவரியிலேயே இரண்டு முறை கேட்டார். இது மெஹர் பாடம் சார் என்று சொல்லி இரண்டு முறையும் மறுத்தேன். உன்னிடம் அதைச் சொல்லக்கூட இல்லை. வெள்ளியன்று மூன்றாவது முறை கேட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டாம் ஆண்டு எனக்கு, நீ திரும்பி வரும்போது முதலாம் ஆண்டு உனக்கு. வேறு யாரும் சொல்லி நீ இதைக் கேட்கக் கூடாது, அதனால்தான் நானே எழுதுகிறேன்.

திட்டி எழுது என்றாய். எழுதிப் பார்த்தேன், வரவில்லை. நீ உண்மையைச் சொன்னதில் எனக்கு மரியாதைதான். ஆனால் அந்த வரிகளை நீ யோசித்து யோசித்து எழுதியிருப்பாய் என்பது மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கண்மூடித்தனமான கோபத்தில் வந்த வார்த்தைகள் இல்லை அவை. எங்கே வலிக்கும் என்று தெரிந்தவள் எழுதியவை.

பாப்பாவைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. வந்தால் உன்னையும் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் இப்போதைக்கு வரவில்லை.

சரண்யா