சினை மீனும் உன் அப்பாவும்

அன்பு மகள் ஸ்டெபிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் ரோஷத்துக்குத்தான் இன்னும் காய்ச்சல் விடவில்லை. நீயும் சுகமாக இருப்பாய், மழையில் நனைந்த தலையை ஒழுங்காகத் துவட்டுவாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மனுஷன் ஒன்றும் கேட்காதவர் போலப் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம்.

முப்பது வருஷம் கடலில் கிடந்தவர், மகள் வேலை பார்க்கும் அணையைப் பார்க்க மத்தியப் பிரதேசம் வரை ரயிலேறி வந்தாரே, வந்தவர் சும்மா இருந்தாரா? மழைக்கு இரண்டு மாதம் மீன் பிடிக்கக் கூடாது என்று நீ சொன்னதற்கு, இந்தத் தொட்டித் தண்ணிக்கு ஒரு தடையா என்று சிரித்துவிட்டு, விடிந்ததும் அணைக்குள் ஆறு வந்து சேரும் வாயில் தூண்டில் போட்டு, வயிறு நிறையச் சினையோடு ஒரு கட்லா மீனைப் பிடித்து, அணைக் காவலரிடம் மாட்டி, அவர் போன் போட்டுக் கூப்பிட்ட அதிகாரி வந்து நின்றால் அது நீ! அத்தனை மீனவர்கள் முன்னால், தடை எல்லாருக்கும்தான்ப்பா என்று தூண்டிலை வாங்கிக்கொண்டு, கயிற்றில் கட்டித் தண்ணீரில் போட்டிருந்த மீனை அவர் கையாலேயே அவிழ்த்துவிட வைத்தாயாம். அடுத்த ரயிலில் வந்து சேர்ந்தவர் மூன்று வாரமாக உன் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். அப்பாவும் மகளும் இப்படியே பேசாமல் போய்விடுவீர்களோ என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில், அப்பாவோடு கடலுக்குப் போகும் ரெக்சன், என்ன அண்ணாச்சி, உம்ம மவளே உம்மப் பிடிச்சுட்டாளாமே என்று கேட்டுச் சிரித்தான். போச்சு, அடிதடிதான் என்று நினைத்தேன். அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: ஏலே, சிரிக்காத. அந்தத் தண்ணிக்கு அடியில ஒரு காடே மூழ்கிக் கெடக்கு. மீன்குஞ்செல்லாம் அந்த மரத்துக்குள்ளதான் ஒதுங்கும். பெருசானா மழைத்தண்ணி வார ஆத்துவாய்க்குத்தான் முட்டை போடப் போவும். அங்கன மறிச்சுப் பிடிச்சா அடுத்த வருசம் அந்தக் கரைச் சனம் எதைப் பிடிக்கும்? எம்மவ தண்ணில மீன்குஞ்சு விடுதா, வலைக்கண்ண அளக்கா, தப்புன்னா பெத்தவனயும் பிடிக்கா. உங்க மவ யாராவது செய்வாளாலே? ரெக்சன் தலையைச் சொறிந்துகொண்டு படியிறங்கிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காதது போலக் குழம்பில் உப்பில்லை என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

நீ மன்னிப்பு ஒன்றும் கேட்க வேண்டாம், நீ செய்தது சரி. மரத்தில் மாட்டிய வலையைக் கிழியாமல் எடுப்பது எப்படி என்று ஒரு போன் போட்டுக் கேள், ஒரு மணி நேரம் பேசுவார். படகில் போகும்போது மிதவைச் சட்டையை மறக்காதே. மாதா உன்னைக் கூடவே இருந்து காக்கட்டும்.

உன் அம்மா,
கிளாடிஸ்

பி.கு.: கவரில் ஆங்கிலத்தில் முகவரி எழுத அப்பாவிடம்தான் கொடுத்தேன். உன் பெயருக்குக் கீழே, நான் சொல்லாமலே, மீன்வள அதிகாரி என்று பெரிய எழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறார்.