வாளின் மூடியில் நூலைக் கட்டியவன்

என் அன்பு ராஜுவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஹாலிஎலவில் நீ பாதியில் விட்ட குசினிக்கு இன்னும் கூரை ஏறவில்லை. உன் மனைவி, என் தங்கை லெச்சுமி, இரண்டு பழைய தகரங்களுக்கு அடியில்தான் சமைக்கிறாள். ஐப்பசி மழைக்கு முன் அதை முடித்துவிட எண்ணி, உன் பேட்டரி வட்ட வாளை நான் கையில் எடுத்தேன். சிரிக்காதே. கணக்கு வாத்தியாரின் கையில் வெண்கட்டியைத் தவிர வேறெதையும் நீ பார்த்ததில்லை.

ஆனால் கூரையைவிடப் பெரிய வேலை ஒன்று எனக்குப் பாக்கி இருக்கிறது. உன் மரண விசாரணை அறிக்கையில் உன் பெயருக்குப் பக்கத்தில் 'கவனயீனம்' என்று எழுதியிருக்கிறார்கள். அது பொய். பொய் என்று அறிந்தே அதைச் சொன்னவர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவன் நான். அந்தச் சொல்லை அழிக்க வேண்டும். அதற்கு முன் லெச்சுமியிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. நேற்றுச் சொன்னேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். இதைப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபக் கூரை வேலை. நீ, வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரரிடம் தச்சன். நான் கோயில் கமிட்டிச் செயலாளர். ஆயுத பூசையன்று உளி, இழைப்புளி, கொழுந்து வெட்டும் கத்தி எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கிச் சந்தனம் பூசினோம். உன் வாளுக்கு மஞ்சள் நூல் கட்டும் மரியாதையை எனக்குக் கொடுத்தார்கள். தகட்டில் வைத்த பொட்டு எல்லாருக்கும் தெரியட்டும் என்று, வெட்டி முடித்ததும் தானாக இறங்கித் தகட்டை மறைக்கும் அடி மூடியை மேலே தூக்கி, அதைத் தூக்கும் நெம்பையும் கைப்பிடியையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினேன். என் கைகள்தான்.

மறுநாள் காலையில் நீ பேனாக்கத்தியோடு வந்தாய்.

"மச்சான், இத அறுக்கணும். மூடி எறங்க மாட்டேங்குது."

"மூணு நாளாவது இருக்கட்டும்டா. சாமிக்குக் கட்டினது."

"கேம்பஸ் வரைக்கும் போயிப் படிச்ச ஆளு பேசுற பேச்சா இது?"

கொந்தராத்துக்காரர் தூரத்திலிருந்து குரல் கொடுத்தார்: "வாத்தியாரே சொல்றாருல்ல, விடு ராஜு. மூடி இல்லாட்டி வேலை சுருக்கா ஓடும்."

நீ என்னைப் பார்த்தாய். மனைவியின் அண்ணன் சொல்லை நாலு பேர் முன்னால் தட்டும் வழக்கம் உனக்கு இல்லை. கத்தியை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாய். அந்த ஒரு தடவையாவது நீ ஏன் என்னை மதிக்காமல் இருந்திருக்கக் கூடாது?

பகல் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு சட்டத்தை வெட்டி முடித்து, எப்போதும் போல வாளைத் தொடைப் பக்கமாகத் தாழ்த்தினாய். விசையை விட்ட பிறகும் தகடு சில விநாடி சுழலும். அதற்குள் மூடி இறங்கிவிடும் என்று உன் கைக்குத் தெரியும். ஆயிரம் தடவை இறங்கியிருக்கிறது. அன்று இறங்கவில்லை. தகடுதான் உன் தொடையில் இறங்கியது. உன்னைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கொந்தராத்துக்காரர் குறடு ஒன்றை எடுத்து அந்த நூலை நறுக்கினார். "இது யாருக்கும் நல்லதில்ல வாத்தியார்" என்றார். நான் தலையாட்டினேன். விசாரணையில் 'கவனயீனம்' என்று அவர் சொன்னார். சாட்சியாக அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு, உன் வாளோடு வந்த கையேட்டைப் பரீட்சைக்குப் படிப்பவனைப் போலப் படித்தேன். தகட்டைத் தொடுமுன் பேட்டரியைக் கழற்று என்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் மூடியை விரலால் தூக்கி விட்டுப் பார், அது தானாகத் திரும்ப வேண்டும் என்கிறது. பல் மரத்தைத் தாண்டிக் கொஞ்சமே கீழே தெரியும்படி ஆழத்தை வை. வெட்டுப்படும் துண்டு தொங்கித் தகட்டைக் கவ்வாமல் தானாக விழட்டும். கவ்வினால் வாள் உன்னை நோக்கி எகிறும், ஆகவே நேர் பின்னால் நிற்காதே. இதில் எதை நீ செய்யாமல் இருந்தாய்? பக்கத்துக்குப் பக்கம் உன்னைத்தான் எழுதியிருக்கிறார்கள். உன்னைப் போய்க் கவனமில்லாதவன் என்றோம்.

பழைய பலகையில் வெட்டிப் பழகினேன். தகடு முழு வேகம் எடுத்த பிறகே மரத்தைத் தொட்டேன். அப்படியும் முதல் துண்டு இரண்டு மில்லிமீட்டர் குறைந்துபோயிற்று. தகட்டின் கனமும் மரத்தைத் தின்னும் என்பதை மறந்து கோட்டின் மேலேயே ஓட்டியிருந்தேன். பிறகுதான் நீ அளந்து வைத்துவிட்டுப் போன ஒன்பது கூரைக் கைமரங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பக்கத்தில் சிறிய பெருக்கல் குறி. கழிவுப் பக்கம் அதுதான், தகடு அங்கேதான் ஓட வேண்டும். பென்சில் கோடு நேற்றுப் போட்டது போல இருக்கிறது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. "தள்ளி நில்லு மச்சான், கோடு அழியும்" என்று நீ ஏசியிருப்பாய். ஏச மாட்டாயா?

கொந்தராத்துக்காரர் இப்போது மொனராகலையில் ஒரு கட்டடம் எழுப்புகிறார். பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அங்கே இரண்டு வாள்களின் மூடியைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். நான் சத்தம் போடவில்லை. இரண்டையும் படம் எடுத்துக்கொண்டேன். எனக்கு ஆத்திரம் வந்தால் குரல் தாழும் என்று உனக்குத் தெரியும்.

நேற்று லெச்சுமி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாளு மூடி எறங்காம நூலக் கட்டினது நான் லெச்சுமி. அறுக்க வந்தவனத் தடுத்ததும் நான்."

கை நின்றது. "விசாரணையில ஏண்ணே சொல்லல?"

"பயம்."

"பொழுது விடிஞ்சா அவரு படத்துக்கு முன்னால நின்னு, 'ஒனக்குக் கண்ணு எங்கய்யா போச்சு'ன்னு திட்டுறேன். ஒரு வருஷமா. நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

அவள் எழுந்து போய் வாளிலிருந்து பேட்டரியைக் கழற்றினாள். இரண்டையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"கூரைய நீ போட வேணாம். மொதல்ல போயி எழுதிக் குடு."

ராஜு, நாளை காலை பதுளை நீதிமன்றத்துக்குப் போகிறேன். வாக்குமூலம் எழுதியாகிவிட்டது, அதில் முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது கொந்தராத்துக்காரருடையது. மொனராகலையில் எடுத்த படங்களும் கூடவே வருகின்றன. பொய்ச் சாட்சி சொன்னவனுக்கு என்ன நடக்குமோ அது எனக்கு நடக்கட்டும். மழை முந்திக்கொள்ளலாம், லெச்சுமி அந்த அலுமாரியைத் திறக்காமலே போகலாம். உன் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் கிடக்கும் வரை உன் வீட்டில் நான் கை நனைக்க மாட்டேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் மச்சான்,
லெச்சுமியின் அண்ணன்