மஞ்சள் உலோகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? அப்பாவை மதிய வெயிலில் வெங்காயத் தோட்டத்துக்கு விடாதீர்கள்.

நேற்றைய எரிச்சல் இன்னும் போகவில்லை. எங்கள் லண்டன் நகைக்கடைக்கு அளவெட்டி ஊர் அக்கா ஒருவர் தன் தாலிக்கொடியை விற்றுத் தரச்சொல்லிக் கொண்டுவந்தார். சோதித்து முத்திரை குத்தாத நகையைப் பொன் என்று சொல்லி விற்பது இங்கே சட்டப்படி குற்றம். அதனால் முதலாளி விலைத் துண்டில் ‘மஞ்சள் உலோகம்’ என்று என்னையே எழுதவைத்தார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பிள்ளை, இந்தத் தாலிக்குப் பொன்னுருக்கேக்கை எங்கடை சனம் முழுக்கச் சுத்தி நிண்டு பாத்தது. இதுக்கு மேலை என்ன முத்திரை?”

போலி நகை விற்பவர்களால் வந்த சட்டம். பிழை சொல்ல முடியாது. சுரண்டிச் சோதித்தால் முத்திரை கிடைக்கும் என்றேன். கொடியை லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு போய்விட்டார். நீங்கள் போட்டுவிட்ட என் சங்கிலியிலும் முத்திரை இல்லை, அம்மா. பின்னேரம் வரை அதைச் சட்டைக்குள் விட்டபடி நின்றேன்.

இதையெல்லாம் யோசிக்காதீர்கள். யாராவது இங்கே வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். பெயர் ஒட்டிய கடைப் பைக்கற் வேண்டாம். நீங்கள் வறுத்து இடித்ததை வெறும் பையில் கட்டிவிட்டாலே போதும். மணத்திலேயே எனக்குத் தெரியும்.

பஸ் வந்துவிட்டது.

மகள்,
சுகிர்தா