அசலில் கொடுத்த பெண்

செல்லூர், மதுரை-2
18.8.1998

அன்புள்ள தம்பி ராதாகிருஷ்ணனுக்கு,

அக்கா சூடாமணி எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இங்கே நலமில்லை என்பது உனக்குத் தெரியும். அங்கே சிங்கப்பூரில் நலமா என்பதில்தான் எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. நம் வீட்டுப் பாஷையில் உன்னை நன்றாக ஏசினால் என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கும். அதை எழுதத் தெரியாததால் தமிழில் எழுதுகிறேன். அந்த மட்டில் நீ பிழைத்தாய்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ரூபினாவின் போனில் நீ பேசியபோது அவள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் பக்கத்தில் இருந்தார்கள். நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். பாலமுரளியின் வியாதியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது, நாளைக்குக் காவ்யஸ்ரீக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்றாய். பதினோரு வயதுப் பெண்ணுக்கு இப்போதே மாப்பிள்ளைக் கவலை உனக்கு! என் பிள்ளைக்கு வந்தது என் புகுந்த வீடான செல்லூர் வீட்டு ரத்தம், நம் வம்சத்தில் அப்படி எதுவும் கிடையாது என்றாய். அதையும் பொறுத்துக்கொண்டேன். போனை வைக்கப் போகும்போது ஒன்று சொன்னாய் பார், அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காவ்யஸ்ரீக்குத் திமிர் கூடிவிட்டது, டம்ளரைக் கொடுத்தால் கீழே போடுகிறாள், திட்டினால் சிரிக்கிறாள், அதனால் அறைந்தேன் என்றாய்.

பாலமுரளியும் சிரித்தான், தம்பி. வாத்தியார் பிரம்பை எடுத்த பிறகும் சிரித்தான். அடிச்சாலும் சிரிக்கிறான்மா, எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க என்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்துச் சொன்னார். அது சிரிப்பே இல்லை. வாய் தானாக இழுத்துக்கொள்கிறது. பிள்ளை உள்ளுக்குள் அழுகிறான், முகம் மட்டும் சிரிக்கிறது. அதற்கு முந்தி ஒரு தடவை மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், இறங்கிவிட்டது, மறந்துவிட்டோம். அப்புறம் எழுத்து கோணிற்று, எச்சில் வடிந்தது, பேச்சு குழறிற்று. வலிப்பு டாக்டர், மனநல டாக்டர், பாண்டி கோயில் என்று அலைந்தோம். செய்வினை என்று சொன்னவர்களும் உண்டு.

முதலில் பார்த்த பெரிய டாக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். சொந்தத்தில் கட்டியவர்களா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த அப்பா முந்திக்கொண்டார். இல்ல, அசல்ல, வெளியிலதான் குடுத்திருக்கோம் சார் என்றார். சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று ரேடியோவில் கேட்ட நாளிலிருந்து அவருக்கு இதில் ஒரு பெருமை. டாக்டர் தலையாட்டிவிட்டு, அப்படியானால் பிரசவத்தில் மூச்சுத் திணறியிருக்கும் என்று மாத்திரை எழுதினார். அதற்குப் பிறகு பார்த்தவர்கள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மூன்று வருஷம் அப்படிப் போயிற்று.

அப்பா பொய் சொன்னார் என்றால் அவரை வைதுவிட்டு நான் ஆறிப்போவேன். அவர் அதை நிஜமாகவே நம்பினார். உன் மாமாவை, என் வீட்டுக்காரரை, கைக்குழந்தையாக இருக்கும்போதே இந்தச் செல்லூர் வீட்டுக்குச் சுவீகாரம் கொடுத்தாயிற்று. ஹோமம் வளர்த்து, மடி மாற்றி, கோத்திரம் மாற்றியாயிற்று. அன்றிலிருந்து பெற்றவளே அவரை என் பிள்ளை என்று சொன்னதில்லை. சொன்னால் வளர்த்தவளுக்குத் துரோகம். பிறகு அந்தப் பிள்ளைக்கே என்னைக் கொடுத்தபோது, கோத்திரம் வேறு, வீடு வேறு, ஆகவே அசல். நம் ஜனத்தில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. நானும் அப்படித்தான் நினைத்துக் குடித்தனம் நடத்தினேன்.

போன மாசம் வேலூரில் பார்த்த டாக்டரம்மாவும் அதே கேள்வியைக் கேட்டார். அப்பாவும் அதே பதிலைச் சொன்னார். அவர் அதோடு விடாமல் என் பக்கம் திரும்பி, உங்க வீட்டுக்காரரைப் பெத்தது யாரும்மா என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எங்க அப்பாவோட கூடப் பிறந்த அத்தை என்றேன். அதான் சுவீகாரம் போயாச்சே டாக்டர், கோத்திரமே மாறிருச்சே என்று அப்பா குறுக்கே விழுந்தார். டாக்டரம்மா பாலமுரளியைக் கண் பார்க்கிற மிஷின் முன்னால் உட்கார வைத்தார். கருவிழி ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம். அது செம்பாம். சாப்பாட்டில் வருகிற செம்பை வெளியே தள்ளத் தெரியாத உடம்பு. ஈரலில் சேர்ந்து, மூளைக்கு ஏறி, கண்ணிலும் வந்து படிந்திருக்கிறது. கண் வைத்தியத்துக்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு நாங்கள் பிள்ளையின் கண்ணை மட்டும் யாரிடமும் காட்டவில்லை.

செம்பு என்றதும் அப்பா என் மாமியாரின் செம்புக் குடத்தைப் பிடித்துக்கொண்டார். குடத்தினால் இந்த வியாதி வராது, பெற்றவர்கள் இரண்டு பேரிடமும் குறை மறைவாக இருந்தால்தான் பிள்ளைக்கு வரும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். என்ன பிரயோசனம்? என் மாமியார் குடத்தைப் பாத்திரக் கடையில் போட்டுவிட்டு இன்னமும் அழுகிறாள். செல்லூர் வீட்டு ரத்தம் என்றாயே, உன் மாமா உடம்பில் அந்த வீட்டு ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. அவரும் உன் பெண்டாட்டி ஸ்வர்ணாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். நீயும் நானும் ஒரே வயிறு. நீ அத்தை மகளைக் கட்டினாய், நான் அத்தை மகனைக் கட்டினேன். உன்னுடையதைச் சொந்தம் என்றார்கள், என்னுடையதை அசல் என்றார்கள். பாலமுரளிக்கு எந்த வழியில் வந்ததோ அதே வழி உன் வீட்டுக்கும் இருக்கிறது. இப்போது புரிகிறதா நான் ஏன் சாப்பிடவில்லை என்று?

இன்னொன்றையும் கேட்டுக்கொள். அங்கே வசதி அதிகம், ஜீன் டெஸ்ட் எடுத்தோம், ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது என எனக்கு எழுதாதே. அதைப் பற்றியும் கேட்டேன். வெளிநாட்டில் வெள்ளைக்காரர்களின் ரத்தத்தைப் பார்த்துத்தான் எந்தெந்த இடத்தில் கோளாறு வரும் என்று குறித்து வைத்திருக்கிறார்களாம். நம்மவர்களுக்குக் கோளாறு வேறு இடத்தில் இருக்கும், அதை இன்னும் யாரும் தேடிக் குறிக்கவில்லையாம். தேடாத இடத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லத்தானே செய்வார்கள். நீ அவள் கண்ணை அந்த மிஷினில் காட்டு. கண்ணில் ஒன்றும் தெரியாவிட்டாலும் திரும்பி வந்துவிடாதே. ரத்தத்திலும் ஒரு நாள் முழுக்கச் சேர்த்த மூத்திரத்திலும் செம்பு எவ்வளவு என்று பார்க்கச் சொல். அத்தை மகளைக் கட்டினேன் என்பதை டாக்டரிடம் கூசாமல் சொல்.

பாலமுரளி மாத்திரை சாப்பிடுகிறான். இனி ரொம்பக் கெடாது, போனது பூராவும் திரும்பாது என்கிறார்கள். கைவிரல்கள் மடங்கிவிட்டன. நாம் பேசுவது எல்லாம் அவனுக்குப் புரிகிறது, பதில் சொல்லத்தான் நாக்கு வளையவில்லை. காமாலை வந்த அன்றைக்கே கண்டுபிடித்திருந்தால் இதே மாத்திரையில் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பான். அதைக் கேட்டுவிட்டு வந்த அப்பா, இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அசல்ல குடுத்தும் இப்படி ஆயிருச்சே என்றுதான் சொல்கிறார். நானும் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் மேல் கோபம் வந்தால் வரட்டும். வம்சத்தின் மானத்தை வாங்குகிறேன் என்று திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். கல்யாணம் ஆகாமல் போய்விடும் என்று பயந்து பிள்ளையை விட்டுவிடாதே. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போ. அடிக்க மட்டும் செய்யாதே, உன் காலில் விழுகிறேன்.

ஸ்வர்ணாவுக்கு என் அன்பு. காவ்யஸ்ரீ தீர்க்காயுசாக இருக்கட்டும். வாய் ஓயாமல் பேசி உன் காதைப் புண்ணாக்கட்டும். இனிமேல் நீ திட்டினால் குழந்தை முகம் கோணி அழட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
சூடாமணி