சாம்பல் நாட்டில் இருவர்

பதுளை
12 ஜனவரி 2025

அன்பான ஆகில் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தபாலில் கடிதத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். போனில் பேசத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் நம்மில் ஒருவர் கத்துகிறார், மற்றவர் வைத்துவிடுகிறார். எழுதும்போதாவது முழுதாகச் சொல்லி முடிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சுகம். பார்மசிக்குத் திரும்பவும் போகிறேன். பிள்ளைப் பால்மா கேட்டு யாராவது வந்தால் கூட வேலை செய்கிற பிள்ளை எனக்கு முந்தி ஓடிப்போய் எடுத்துக் கொடுக்கிறாள். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஹனாவின் தொட்டிலைக் கீழ்வீட்டு ஸவாஹிரா தாத்தா ஒரு மூத்த அக்கா போல வந்து, தன்னுடைய வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார். அதையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நம் கட்டில் பக்கத்தில் தரையில் நாலு கால் தடம் மட்டும் இருக்கிறது.

"ஒரு கிழமை உம்மாவோட இருந்துட்டு வாறேன்" என்றுதானே பையைக் கட்டினீர்கள்? மழைக்காலம் முடிந்து பனியும் வந்துவிட்டது. பண்டாரவளை என்ன, கடல் தாண்டியா இருக்கிறது?

நேற்று உங்கள் பிளேஸ்டேஷனில் தூசி துடைக்கப் போய், சும்மா போட்டுப் பார்த்தேன். நீங்கள் நண்பரிடம் வாங்கி வந்து, உடனேயே வெறுத்துவிட்ட அந்த விளையாட்டு உள்ளே இருந்தது. ஊரெல்லாம் சாம்பல் மூடி, துருப்பிடித்த கவசத்தோடு ஒரு ஆள் தனியாக நிற்கிறானே, அது. ஆங்கிலப் பெயர் வாயில் நுழையவில்லை. சாம்பல் நாடு என்று வைத்துக்கொண்டேன். முதல் வாசலிலேயே ஒரு நாய் என்னைக் கடித்துக் கொன்றுவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு யாருக்காவது கேட்டிருக்குமோ என்று வெட்கமாகிவிட்டது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீங்க. ஹனாவை மையவாடியில் எந்த இடத்தில் அடக்கினீர்கள்? ஆண்கள் எல்லோரும் போனீர்கள். நான் ஜன்னலோடு நின்றேன். வந்ததும் கேட்கலாம் என்று இருந்தேன். நீங்கள் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தீர்கள்.

பதில் போடுங்க.

உங்கள்
ஜெனீரா


பண்டாரவளை
21 ஜனவரி 2025

அன்புள்ள ஜெனீராவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதத்தை உம்மா வாங்கி, பிரிக்காமல் என் தலையணையில் வைத்திருந்தார். நான் மாமாவின் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறேன். ஆணியும் பெயின்ட்டும் கேட்டு வருகிறவர்கள் வேறொன்றும் கேட்பதில்லை. அது நல்லதாக இருக்கிறது.

எனக்கு இந்த விளையாட்டுப் பைத்தியம் எப்படி வந்தது என்று உங்களுக்கு நான் சொன்னதே இல்லை. வாப்பா மவுத்தான வருஷம் இங்கே ஸ்டேஷன் பாதையில் ஒரு வீடியோ கடை இருந்தது. பின்பக்கம் ஒரு டீவியும் கேசட் போட்டு விளையாடுகிற மெஷினும். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய்விடுவேன். வீட்டுக்குப் போனால் வருகிற பெண்கள் எல்லோரும் தலையைத் தடவி அழுவார்கள். அந்தக் கடையில் யாரும் தடவவில்லை. "ஒன்ட முறை வந்திட்டு, ஒக்காரு" என்பார் கடைக்காரர், அவ்வளவுதான். வாப்பாவுக்காக நான் அழுதது பிறகு ஒருநாள், விளையாட்டில் தோற்றபோது. எல்லோரும் தோற்றதற்குத்தான் அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

அந்த மாதிரி ஒரு இடம் வேண்டும் என்றுதான் பதுளையில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கேம் கடை போட்டேன். டியூஷன் முடிந்து நமுனுகுல தோட்டத்துப் பொடியன்கள் வந்து, ஒரே கன்ட்ரோலரை ஆளுக்கொரு கையாகப் பிடித்து விளையாடுவார்கள். இருபத்திரண்டாம் வருஷத்து மின்வெட்டில் எல்லாம் போனது. மற்றதை விற்றேன், அந்த ஒரு மெஷினை விற்க மனம் வரவில்லை.

சாம்பல் நாட்டை நான் வெறுத்ததற்குக் காரணம் உண்டு. பிள்ளை போன அடுத்த கிழமை வாங்கினேன். கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறக்கலாம் என்று பார்த்தேன். அதுவோ திரும்பத் திரும்பச் சாகச் சொல்கிறது.

நீங்கள் விளையாடுவதென்றால் கேடயத்தை எந்நேரமும் தூக்கிப் பிடிக்காதீர்கள், மூச்சு தீர்ந்துவிடும். நாய் பாயும்போது பின்னால் போகாமல் பக்கவாட்டில் உருளுங்கள்.

நீங்கள் கேட்டதைப் பிறகு எழுதுகிறேன்.

ஆகில்


பதுளை
3 பெப்ரவரி 2025

அன்பான மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பக்கவாட்டில் உருண்டேன். நாய் செத்தது!

உங்கள் கதையை வாசித்தபோது என்னுடையதையும் எழுத வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் மூத்தவர் ஷுக்ரி நானாவிடம் கட்டைகள் மேலிருந்து விழுகிற சின்ன கேம் ஒன்று இருந்தது. வீட்டில் என்னை யாராலும் அதில் வெல்ல முடியாது. பிறகு நானாவுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். நான் அதற்குள் பெரிய பிள்ளையாகிவிட்டேன். நானாவின் கூட்டாளிகள் வருகிற அறை என்பதால் எனக்கு அங்கே போகத் தடை. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று, "இடப்பக்கம், இடப்பக்கம் ஒருத்தன் வாறான்" என்று மெதுவாகச் சொல்வேன். "போ அங்கால" என்று நானா ஏசுவார். ஆனால் இடப்பக்கம்தான் திரும்புவார்.

கல்யாணம் முடிந்த புதிதில் நீங்கள் என் கையில் கன்ட்ரோலரைத் தந்தது ஞாபகமா? கார் ஓட்டப் போட்டி. நான் தொடக்கத்திலிருந்து பிழையான பக்கமே ஓட்டிக்கொண்டு போனேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் உங்கள் காரையும் திருப்பிக்கொண்டு என் பின்னாலேயே வந்தீர்கள். இந்த மனிதரோடு வாழலாம் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். இதையும் நான் உங்களுக்குச் சொன்னதில்லை.

இத்தனை வயசுக்குப் பிறகு எனக்கென்று ஒரு விளையாட்டு கிடைத்திருக்கிறது, மச்சான். வேலை விட்டு வந்து, தொழுதுவிட்டு உட்கார்ந்தால் சாம்பல் நாடுதான். அங்கே யாரும் என்னைப் பார்த்து முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வதில்லை. அடிக்கிறார்கள், நானும் அடிக்கிறேன். ஒவ்வொருவனையும் வென்று நான் சேர்த்த வெளிச்சமெல்லாம் நான் செத்து விழுந்த இடத்தில் அப்படியே கிடக்கிறது. திரும்பவும் அதே பாதையில் போய்க் குனிந்து எடுத்துக்கொள்ளலாம். அது என்னுடையது என்று அந்த நாட்டுக்குத் தெரிகிறது. உங்களுக்குச் சகிக்க முடியாமல் போனது எதுவோ, அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது பெரிய பாலத்தில் நிற்கிறேன். காவலாளி ஒருவன் இருக்கிறான், மலை மாதிரி. தனியாக முடியவில்லை. வேறொருவரை உதவிக்குக் கூப்பிடலாமாம். தரையில் குறி போட்டால் எங்கிருந்தாலும் வரலாமாம். உங்கள் தம்பி ஷாஹ்மியிடம் மெஷின் இருக்கிறதே. வருகிற பதினாறாம் திகதி ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பிறகு வாருங்களேன்.

உங்கள்
ஜெனீரா


பண்டாரவளை
10 பெப்ரவரி 2025

ஜெனீராவுக்கு,

ஷாஹ்மியிடம் சொன்னேன். "நானா, நீங்க வெளாடுறீங்களா?" என்று சந்தோஷப்பட்டு அறையையே விட்டுத் தந்துவிட்டான். ஞாயிறு வருகிறேன். மைக் போட வேண்டாம். பேச வேண்டி வந்தால் நான் வரமாட்டேன்.

ஆகில்


பதுளை
18 பெப்ரவரி 2025

என் அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எப்படி எழுதுவது என்று தெரியாமல் நேற்று முழுக்க விட்டுவிட்டேன்.

தரையிலிருந்து வெள்ளை வெளிச்சமாக நீங்கள் எழும்பி வந்தபோது நான் திரைக்குக் கிட்டப் போய்விட்டேன். முகம் தெரியாத கவசம். ஆனால் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் நின்றீர்களே, கதவுப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பது போல. அது நீங்கள்தான். பிறகு குனிந்து சலாம் சொல்வது போல ஒரு அசைவு. நானும் செய்தேன்.

காவலாளி என்னை அடித்துச் சுவரில் சாத்தினான். என் உயிர் ஒரு நூலளவு இருந்தது. நீங்கள் எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றீர்கள். நான் மருந்து குடித்து எழும்பும் வரைக்கும் எல்லா அடியையும் வாங்கினீர்கள். நீங்கள் எனக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று இத்தனை மாதம் கேட்டுக் கத்தினேன். அன்றைக்கு வாயே திறக்காமல் நின்றீர்கள்.

அவன் விழுந்ததும் நான் கத்திய கத்தில் ஸவாஹிரா தாத்தா ஓடி வந்துவிட்டார். "என்ன மகள், என்ன நடந்த?" என்றார். "வென்டுட்டோம் தாத்தா" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். திரும்பித் திரையைப் பார்த்தால் நீங்கள் இல்லை. காவலாளி செத்தால் உதவிக்கு வந்தவர் தன் நாட்டுக்குத் திரும்பிவிட வேண்டுமாம், அது அங்கத்தைய சட்டம். கை காட்டக்கூட விடவில்லை.

நோன்பு வருகிறது. முதல் நோன்பு துறக்க வாருங்கள். இறைச்சி போட்டுக் கஞ்சி காய்ச்சுகிறேன். பேசச் சொல்லி வற்புறுத்தமாட்டேன். சும்மா இருந்து கஞ்சி குடியுங்கள், போதும்.

எதிர்பார்த்திருக்கும்
ஜெனீரா


பண்டாரவளை
11 மார்ச் 2025

அன்புள்ள ஜெனீராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதல் நோன்புக்கு நான் வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். வந்தேன்.

பதுளையில் இறங்கி, பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு வீட்டுப் படியடி வரைக்கும் வந்தேன். உங்கள் கஞ்சி வாசம் கீழே வரை வந்தது. மேலே நீங்கள் நடக்கிற சத்தமும் கேட்டது. முதல் படியில் கால் வைத்தேன். அந்தப் படிகளால்தான் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். வெள்ளைத் துணிக்குள் பாரமே இல்லை, ஜெனீரா. பாரம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன் என்று தோன்றுகிறது. பாங்கு சொன்னார்கள். நான் அங்கேயே ஒரு பழத்தை வாயில் போட்டு நோன்பைத் துறந்துவிட்டு, பஸ் நிலையத்துக்குத் திரும்பி நடந்துவிட்டேன்.

பாலத்தில் உங்களுக்கு முன்னால் நிற்க முடிந்தது. அங்கே எனக்கு முகம் இல்லை. நீங்கள் என் முகத்தில் பிள்ளையைத் தேடவும் மாட்டீர்கள், நான் உங்கள் முகத்தில் தேடவும் வேண்டாம். என்னால் முடிந்த புருஷன் அவ்வளவுதான். அது ஒரு பெண்ணுக்குப் போதாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: மையவாடியில் கீழ்மதில் ஓரம், கொய்யா மரத்தைத் தாண்டியதும். இரண்டு பெரியவர்களுக்கு நடுவில். பெண்கள் உள்ளே போகாவிட்டாலும், மேட்டுப் பாதையிலிருந்து பார்த்தால் தெரியும். தலைமாட்டில் நடுகிற மீஸான் பலகையில் எழுதப் பள்ளிவாசல் மோதினார் பெயர் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. "பிள்ளை" என்றேன். அவரும் அப்படியே விட்டுவிட்டார். பலகையில் ஒன்றும் இல்லை.

மாமா கட்டாரில் ஒரு கடையில் வேலை பார்த்துத் தந்திருக்கிறார். பெருநாள் முடிந்து போகிறேன். திரும்பி வருவேன் என்று சொல்லி உங்களைக் காத்திருக்க வைக்க எனக்கு மனமில்லை. உங்களுக்கு இன்னும் வயசிருக்கிறது. காதியாரிடம் தலாக்குக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை என்று எழுதித் தருவேன்.

என்னை ஏசி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ஆகில்


பதுளை
9 ஏப்ரல் 2025

ஆகிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காதி நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. வருகிறேன். மறுத்துப் பேசமாட்டேன்.

ஏசிக் கடிதங்கள் எழுதினேன். எல்லாவற்றையும் கிழித்துப்போட்டேன். கீழே படியில் நீங்கள் நின்ற நேரம் நான் கஞ்சியை இரண்டு கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்திருப்பேன். ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் இறங்கி வந்திருப்பேன். நீங்கள் ஏற வேண்டியிருந்திருக்காது. பஸ் நிலையம் வரைக்கும் கூட நடந்து வந்திருப்பேன். இதை நினைக்காமல் ஒரு நாள் போவதில்லை.

பெருநாள் கழித்து ஸவாஹிரா தாத்தாவோடு மேட்டுப் பாதைக்குப் போனேன். கொய்யா மரம் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் புல் வளர்ந்திருந்தது, பலகை தெரியவில்லை. "அந்தா, அதுதான் மகள்" என்று தாத்தா கையை நீட்டினார். அவருக்கும் தெரியாது, எனக்காகச் சொன்னார். ஆட்டோக்காரர் ஹார்ன் அடிக்கும் வரைக்கும் அங்கேயே நின்றோம்.

சாம்பல் நாட்டில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சேறு. கால் வைத்தால் விஷம். தினமும் அதிலே விழுந்து சாகிறேன். உதவிக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. உங்கள் மெஷினை ஷாஹ்மியிடம் கொடுத்தனுப்பச் சொன்னால் கொடுத்தனுப்புகிறேன். சொல்லாவிட்டால் இங்கேயே இருக்கட்டும்.

கட்டாரில் வெயில் கடுமை என்று ஷுக்ரி நானா சொல்வார். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இனி உங்களிடம் வேறொன்றும் கேட்கமாட்டேன். காதியார் நம் இருவரையும் உட்கார வைத்து, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்பார். எல்லோரிடமும் கேட்பதுதான். எழுதி முடிக்கிற அவசரத்தில் அவர் பேனாவோடு உங்களைப் பார்ப்பார். அந்த நேரம் இல்லை என்று சொல்லிவிடாதீங்க. தலையையும் ஆட்டிவிடாதீங்க. நான் சொல்லமாட்டேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் எடுத்தாலும் நான் காத்திருக்கிறேன், அவரையும் காத்திருக்கச் சொல்கிறேன்.

ஒரு மகள் என்று சொல்லுங்க. பெயர் ஹனா என்று சொல்லுங்க.

ஹனாவின் உம்மா
ஜெனீரா