உப்புக் காற்றும் நன்னாரி வாசமும்

இன்றைக்குச் சாயங்காலம் உன் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் உட்காரும் முன்னே பெரிய எவர்சில்வர் டம்ளர் நிறைய நன்னாரி சர்பத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அந்த வாசம் பட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்ன சித்தி?” என்றாள். “உங்கம்மா” என்று மட்டும் சொன்னேன்.

தொண்ணூறுகளில் ஒரு தை மாதம். பார்வையற்ற பிள்ளைகளின் விடுதிக்குக் கூரை போட வேண்டும். அதற்கு நிதி திரட்ட, மலையடிவாரப் பாபநாசத்திலிருந்து ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயல் வரை, ஆறு போகிற வழியே இரண்டு நாள் சைக்கிளில் போவதென்று நம் அலுவலகத்தில் முடிவானது. பெண்களில் நீயும் நானும்தான் பெயர் கொடுத்தோம். “பொம்பளையோ சேரன்மாதேவி வரைக்கும் மிதிச்சாப் போதும். பொறவு பைய, பின்னால வார வேன்ல ஏறிக்கிடுங்க” என்றார் ஏற்பாடு செய்த அண்ணாச்சி. உனக்கு வந்ததே கோபம்!

“கடலைப் பாக்காம நான் வேன்ல ஏற மாட்டேன் அண்ணாச்சி” என்று மொத்த அலுவலகத்துக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாய். அதற்கப்புறம் பின்வாங்க முடியுமா? தோற்றால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்களே.

நம்மைப் படுத்தியது சாலையோ வெயிலோ இல்லை, நம் ஊர்க்காரர்களின் உபசாரம். ஊருக்கு ஊர் ஆரத்தி, சந்தனம், அப்புறம் சர்பத். “வாய நனைக்காமப் போனா உண்டியல்ல ஒத்த ரூவா போட மாட்டோம், ஆமா” என்று வழியை மறித்து நிற்பார்கள். நான் டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்த்தே தப்பித்துக்கொண்டேன். நீயோ எனக்கு வந்த டம்ளரையும் சேர்த்து வாங்கிக் குடித்தாய். கேட்டால், “ஆசையாக் குடுக்காவ, எப்படிட்டி வேண்டாங்கது?” என்பாய். உனக்கு வேண்டாம் என்கிற வார்த்தையே வராது.

மறுநாள் ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் வயிறு பழிவாங்கியது. ஆத்தூரில் உன் முகம் வெளுத்துவிட்டது. அதற்குள் நம் ஆண்களில் பாதிப் பேர் வேனில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். அண்ணாச்சி ஜன்னல் வழியாக, “ஏறுங்கம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ” என்றார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதித்தாய். உன் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன்.

கடல் இன்னும் தூரத்தில் இருந்தது. எதிர்காற்று வேறு. நான் உன் பக்கத்தில் வந்து, ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையை உன் முதுகில் வைத்துத் தள்ளிக்கொண்டே மிதித்தேன். உன் ரவிக்கை நனைந்து முதுகு கொதித்தது.

“கைய எடுத்துராதட்டி” என்றாய். கொஞ்ச தூரம் போனதும், “இன்னும் எவ்வளவு தூரம்?”

“உப்புக் காத்து வந்துட்டு பாரு. பக்கந்தான்” என்று வாய்கூசாமல் சொன்னேன்.

நீ மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “எனக்கு நன்னாரி வாசந்தாம்ட்டி வருது” என்றாய்.

இருவரும் சிரித்த சிரிப்பில் சைக்கிள்கள் ஆடி, உப்பளத்துக்குள் விழப் போனோம். ஆனால் விழவில்லை. புன்னைக்காயலில் ஆறு அமைதியாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. நீ சைக்கிளைவிட்டு இறங்காமல், ஒரு காலை மட்டும் மணலில் ஊன்றி நின்று பார்த்தாய். அவ்வளவு நிறைவான முகத்தை நான் அதற்குப் பின் யாரிடமும் பார்க்கவில்லை. பிற்பாடு அந்த விடுதிக்குக் கூரையும் ஏறியது.

போன வருஷம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நீயாக எழுந்து உட்கார உன்னால் முடியவில்லை. முதுகில் கை கொடுத்துத்தான் நிமிர்த்துவேன். ஒரு மத்தியானம் என் கையில் சாய்ந்தபடி, “இன்னும் எவ்வளவு தூரம்ட்டி?” என்று கேட்டாய். “உப்புக் காத்து வந்துட்டு” என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாய். உதட்டில் சிரிப்பு வந்தது. கடைசி வரை நான் கையை எடுக்கவில்லை.

உன் மகளும் உன்னைப் போலத்தான். டம்ளர் காலியாகும் முன்னே அடுத்ததை நீட்டினாள். குனிந்து பார்க்க இங்கே டயரும் இல்லை. வயிறு முட்ட அதையும் வாங்கிக் குடித்தேன். உன் பங்கு அது.