வலப்பக்கம் சுருண்ட இலைகள்

வெங்ஜியா மலை,
ஹாங்சோ.
சிங்மிங் நீத்தார் திருநாள் கழிந்த இரண்டாம் வாரம்

அன்பு மகள் யாவ்லானுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். உன் நலத்தையும் கேட்கலாம் என்று தொடங்கினால் அந்தச் சொல்லிலேயே பேனா நின்றுவிடுகிறது. மற்ற செய்திகளை முதலில் எழுதிவிடுகிறேன்.

இங்கே முதல் பறிப்பு முடிந்தது. பக்கத்து வீட்டு ஷென் அம்மாள் இந்த வருடமும் வெறுங்கையால்தான் சூட்டு வாணலியில் இலையை அழுத்தித் தட்டையாக்கினாள். என்னோடு பள்ளியில் பாடம் நடத்திய கோங், அன்ஹுயிலிருந்து ஹௌகுய் தேயிலை கொண்டுவந்தார். ஒவ்வொரு இலையும் விரல் நீளம். தம்ளரில் நீர்ப்பாசிபோல் நிமிர்ந்து நிற்கிறது. பார்க்க அழகுதான். ஆனாலும் நீ உருட்டி அனுப்பும் பிலுவோசுன் சுருள்தேயிலை வந்தால்தான் எனக்கு வசந்தம்.

பொட்டலம் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கம்போல் முதலில் வெந்நீர் ஊற்றி, அதன்மேல் இலையைத் தூவினேன். உடனே மூழ்கியது. இலைமேலிருந்த வெண்பூமுடி நீரில் கலந்தது. மணத்தில் குறையில்லை, சுவையிலும் இல்லை. பிறகு கொஞ்சம் உலர்ந்த இலையை வெள்ளைத்தாளில் பரப்பிப் பார்த்தேன்.

நீ இடக்கைக்காரி. உள்ளங்கையில் வைத்து உருட்டும்போது உன் இலை இடப்பக்கமாகத்தான் சுருளும். இந்தப் பொட்டலத்தில் எல்லாம் வலப்பக்கம் சுருண்டிருக்கின்றன. என் கண்மீது எனக்கு நம்பிக்கை இல்லை. பூதக்கண்ணாடி வைத்தேன். டப்பாவில் மிஞ்சியிருந்த போன வருடத்து இலையைப் பக்கத்தில் வைத்தேன். அது இடம். இது வலம்.

அப்போது ஷென் அம்மாள் எட்டிப் பார்த்து, "என்ன வாத்தியாரே, டீ குடிக்கிறீங்களா, பரீட்சைப் பேப்பர் திருத்துறீங்களா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "புள்ளைக்கு வேலை ஜாஸ்தியா இருந்திருக்கும். வேற யாராவது உருட்டியிருப்பாங்க. இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு!" என்றாள். அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். சின்னதைப் பெரிதாக்குவது என் சுபாவம் என்று உனக்கும் தெரியும்.

ஆனால் எனக்கு வரும் இலையை நீ பிறர் தொட விட்டதில்லையே. கல்யாணமாகிப் போன முதல் வசந்தத்தில், நம் வீட்டு லோங்ஜிங் தட்டைத்தேயிலைப் பழக்கத்தில் நீ இலையைத் தட்டையாக அழுத்த, "இது தேயிலைடீ, சட்டை இல்ல. இஸ்திரி போடாதே!" என்று சம்பந்தியம்மா கேலி செய்தார்களாம். அன்றைக்கே, "எங்கப்பாவுக்குப் போறத நானேதான் உருட்டுவேன்" என்று நீ பதில் சொன்னதாக மருமகன் பெய்லின் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

நேற்று உங்கள் ஊர்க் கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். பெய்லின்தான் வந்தார். "அவ தோட்டத்துல பறிச்சிக்கிட்டிருக்கா மாமா. நல்லாத்தான் இருக்கா. நீங்க கவலைப்படாதீங்க" என்றார். கவலைப்படுவதாக நான் சொல்லவே இல்லை. பேச்சின் பின்னால் கடையின் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம் கேட்டது. மழையில் யார் இலை பறிப்பார்கள்? அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. சொல்ல வேண்டாம் என்று நீதான் சொல்லியிருப்பாய்.

உன் அம்மாவுக்கும் அந்த நோய் இடது கையில்தான் தொடங்கியது. கையிலிருந்து கோப்பை நழுவியது. வெறும் களைப்பு, பறிப்பு முடியட்டும், பிறகு மருத்துவரிடம் போகலாம் என்றாள். பறிப்பு முடிவதற்குள் காலம் கடந்துவிட்டது.

வாணலிச் சூடு பட்டுக் கை கொப்புளித்திருக்கிறது, அவ்வளவுதான் என்றால், கிழவருக்கு வேறு வேலையில்லை என்று நீங்கள் எல்லோரும் சிரியுங்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்படி இல்லையென்றால், பறிப்பு முடியட்டும் என்று மட்டும் காத்திருக்காதே, அம்மா.

சனிக்கிழமை பேருந்துக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். உங்கள் ஊருக்கு வரும் ஏரிக்கரைப் பாதையின் வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும், பயமும்தான். பரவாயில்லை. கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும். வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பாதே.

நான் வந்ததும் எனக்காக அடுப்படிக்குப் போகாதே. நீ உட்கார்ந்திரு. நானே வெந்நீர் ஊற்றி, இலை தூவி, தம்ளரை நீட்டுகிறேன். நீ அதை இடது கையால் வாங்கிக்கொள். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

உன் இரண்டு கைகளுக்கும் என் ஆசிகள்.

அப்பா,
வெங் போச்சாவ்